நாற்பது புளியங்கொட்டை

என் கொழுந்தனார் எழுந்து நடந்துவிட்டார் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது மீன்காரி இசக்கியம்மாள்தான். லெந்து நாட்கள் தொடங்கி இரண்டாவது வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது விரத நாளில் எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஞானப்பூக்கா, சங்கதி கேட்டியளா? உங்க கொழுந்தனாரு கம்ப ஊனிக்கிட்டு வாசல் வர வந்து, சாளை என்ன விலைன்னு என்கிட்ட கேட்டாரு" என்றாள்.

நான் உடனே, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அதைத்தான் முதலில் சொன்னேன், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீயே அணைந்திருந்தது. அந்த அணைந்த அடுப்பின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொறாமை கிடையாது. சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஞாயிறு பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைத்தால் முதலில் கை தட்டுவது நான்தான்.

நீங்கள் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள், அங்கே வெயில் விழுகிறது. உள்ளே இருப்பது உங்கள் மாமியாரா? வாதம் அடித்தது எந்தப் பக்கம், இடதா? பேச்சு வருகிறதா? பேச்சு வந்தால் பாதிக் கவலை போயிற்று. எங்கள் வீட்டில் அவர்களுக்கு, என் வீட்டுக்காரருக்கு, வலது பக்கம். பேச்சும் சேர்ந்து போனது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்கிறதில்லையா, அது அவர்கள்தான். பயிற்சி கொடுக்கிற அந்த மும்தாஜ் மேடம் ஏதாவது சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். வீட்டில் நான் சொன்னால் வராது. அதற்கும் எனக்கு ஒன்றுமில்லை. சிரிக்கட்டும்.

நாங்கள் நாசரேத்துக்கு இந்தப் பக்கம், ஒரு சின்ன ஊர். அவர்கள் பெயர் வேதமுத்து. தபால்காரராக இருந்தவர்கள். முப்பத்தைந்து வருஷம், ஆறு ஊருக்கு, சைக்கிள் மிதித்தே தபால் கொடுத்தார்கள். ஓய்வு பெற்று வந்த அன்றைக்கு நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "மிதிச்சது போதும். இனி நீங்க ஒரு துரும்பை நகட்டக் கூடாது. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." சைக்கிளையும் கொடுத்துவிட்டேன். முன் அறையில் ஒரு நல்ல சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். காப்பி நாற்காலிக்கே வரும், பேப்பர் நாற்காலிக்கே வரும், சாப்பாடும் நாற்காலிக்கே. மூன்று வருஷம் ராஜா மாதிரி வைத்திருந்தேன். ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாள் போடுவார்கள், ஒரு நாள் மறந்துவிடும். இந்த வருஷம் புத்தாண்டு ஆராதனை முடிந்த மறுவாரம், காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்து ரேசர் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர்கள் நிமிரவில்லை.

அதற்குச் சரியாக இருபத்திரண்டு நாள் கழித்து அவர்கள் தம்பி ஆசீருக்கும் வந்தது. கடையில் பருப்பு மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில். என் மாமனாருக்கும் இதேதான் வந்தது. வம்சத்தில் இருக்கிறதாம். டாக்டர் சொன்னார்.

இதில் என் மனதுக்கு ஆறாதது என்னவென்றால், எங்களுக்குப் பிறகு விழுந்தவர் எங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டார். அவருக்கு வந்தது சின்னது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு பேருடைய ஸ்கேன் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டாம் வகுப்புதான் படிப்பு. ஆனாலும் எது பெரிய கறை, எது சின்னக் கறை என்று பார்க்கக் கண் போதும். ஆசீருடையது சுண்டைக்காய் அளவு. எங்களுடையது நெல்லிக்காய்.

ஆசீருடைய மனைவி பியூலா. எனக்கு ஓரகத்தி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நல்ல பெண்தான். ஆனால் வாய். அந்த வாயை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீடு அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்த வீடு. நடுவில் எழுப்பின சுவர் ஓடு வரைக்கும் ஏறவில்லை, ஒரு முழம் இடைவெளி உண்டு. அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். பேச்சு வராதா?

காலையில் நான் வேதம் வாசிக்க உட்கார்ந்தால் அங்கே ஆரம்பித்துவிடும்.

"தண்ணி வேணும்னா அடுக்களை எங்க இருக்குன்னு தெரியும்லா? நடங்க."

"கால் இழுக்குடி."

"இழுக்கட்டும். இழுத்துக்கிட்டே வாங்க."

"கொல்லுதியேடி என்னை!"

"செத்தா நான் அடக்கம் பண்ணுதேன். இப்ப நடங்க."

இப்படி ஒரு பேச்சை ஒரு பெண்சாதி பேசலாமா? நோயாளியிடம்?  இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். நான் போய் அவர்கள் தலையைத் தடவி, "நீங்க பயப்படாதீங்க. உங்கள நான் அப்படியெல்லாம் பேசுவேனா?" என்பேன். ஒரு வாய் தண்ணீர் அவர்களாக எடுத்துக் குடிக்க விட்டதில்லை நான். கரண்டியால் ஊட்டினேன். சட்டைப் பொத்தானை நான் போட்டேன். திரும்பிப் படுக்க நினைத்து அவர்கள் லேசாக அசைந்தாலே போதும், நான் திருப்பிவிடுவேன். எங்கள் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஞானப்பூ, உன்னைப் போல ஒரு மனைவியை நான் பார்த்ததில்லை" என்று அழுதுவிட்டார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் போனில், "அம்மா, ஊரே உன்னப் பத்திதான் பேசுது" என்றான். மகள்தான் ஒரு தடவை, "அப்பாவக் கொஞ்சம் எந்திரிக்க விடும்மா" என்றாள். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரியின் இந்தப் பயிற்சி அறைக்கு அப்போதே மூன்று தடவை வந்தோம். வரவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நாளே மும்தாஜ் மேடம் எல்லாம் செய்து காட்டியது. நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஈரத் துண்டைப் பிழிய வேண்டும். சட்டை போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொன்றாக முடியாத கையால் எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும், தினம் நாற்பது. மூளையில் ஒரு பாதை அடைத்துப் போனால் வேறு பாதை வெட்டிக்கொள்ளுமாம். ஆனால் அந்தப் பாதையில் ஆள் நடந்துகொண்டே இருந்தால்தான் வெட்டுமாம். நன்றாகத்தான் சொன்னது. சின்னப் பெண், அதற்குள் எவ்வளவு அறிவு!

வீட்டுக்குப் போய்ப் புளியங்கொட்டையைக் கழுவி, துடைத்து, எண்ணி வைத்தேன். அவர்கள் ஒன்றை எடுக்கப் போனார்கள். விரல் மடங்கவில்லை. கொட்டை நழுவி உருண்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி உருண்டது. நெற்றி வேர்த்து, உதடு கோணி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? அவர்கள் கைக்கு மேல் என் கையை வைத்து, நானே எடுத்து, நானே போட்டேன். நாற்பதும் போட்டேன். ஒரு நாள் விடாமல் போட்டேன்.

மூன்றாம் தடவை வந்தபோது அந்தப் பெண் கேட்டது. "நாற்பதும் போடுறாரா அம்மா?"

"ஒண்ணு குறையாம" என்றேன்.

அது அவர்கள் கையைப் பிடித்துப் பார்த்தது. பிறகு என் கையை வாங்கி, "அழுத்துங்க பாப்போம்" என்றது. அழுத்தினேன். "சூப்பர்மா. உங்க கைக்கு நல்ல பலன் தெரியுது. அப்பாவுக்கு எப்ப ஆரம்பிக்கப் போறோம்?" என்று கேட்டது. அங்கே இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அவர்களும் சிரித்தார்கள், கோணின வாயோடு. அத்தனை பேர் முன்னால்!

அத்தோடு நான் வருவதை நிறுத்திவிட்டேன். ஜெபத்தால் ஆகாததா உடற்பயிற்சியால் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பியூலா மட்டும் செவ்வாயும் வெள்ளியும் ஆட்டோ பிடித்து ஆசீரைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

அதற்கப்புறம்தான் இசக்கியம்மாள் வந்து, ஆசீர் சாளை விலை கேட்ட கதையைச் சொன்னது.

அன்றைக்கே ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனேன். நல்ல மனதோடுதான் போனேன். ஏதாவது எண்ணெய் கிண்ணெய் தேய்க்கிறாளா, நாட்டு மருந்து கொடுக்கிறாளா என்றும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். ஆசீர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் கரண்டியோடு பக்கத்தில் போனேன்.

"அக்கா, கிண்ணத்த மேசையில வைங்க. அவிய வந்து எடுப்பாவ" என்றாள் பியூலா.

கட்டிலுக்கும் மேசைக்கும் ஒரு பன்னிரண்டு அடி தூரம். அந்த மனுஷன் கட்டிலைப் பிடித்து எழுந்து, கம்பை ஊன்றி, ஒரு அடி வைத்து நின்று, இன்னொரு அடி வைத்து நின்று... பாதி வழியில் உடம்பு ஒரு பக்கம் ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்த் தாங்கி உட்கார வைத்து, கஞ்சியை ஊட்டிவிட்டேன். அவரும் பூனைக்குட்டி மாதிரி வாயைத் திறந்து திறந்து குடித்தார்.

பியூலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க்கா, இன்னிக்கு அவிய நடக்க வேண்டிய ஆறு அடிய நீங்க பறிச்சிட்டீங்களே. அத யாரு திருப்பித் தருவா?"

"நீ செய்யத எல்லாம் ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு பியூலா" என்றேன்.

"பாக்கட்டும்க்கா. அவியளுக்கும் நடக்கது தெரியணும்லா."

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஈஸ்டர் வந்தது. அதை மட்டும் நான் மறக்க மாட்டேன். திருவிருந்துக்கு ஐயர் அழைத்ததும், பியூலா எழுந்து முன்னால் போனாள். ஆசீர் பின்னால். கையைப் பிடிக்கவில்லை, தோளைத் தொடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். டக், டக் என்று கம்புச் சத்தம் மட்டும். கோயில் முழுக்கப் பாட்டை நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்டது. பீடத்துக்கு முன்னால் போய், கிராதியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல முழங்கால் போட்டார். எங்கள் ஐயருக்கே குரல் தடுமாறிவிட்டது. நான் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஐயர்தான் ஆராதனை முடிந்த பிறகு அப்பத்தையும் ரசத்தையும் சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் வைத்துக் கொடுப்பார். முப்பத்தெட்டு வருஷமாக நானும் அவர்களும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்ட இடம் அது. அந்த இடத்தில் அவள் போட்டிருந்தாள், அவள் வீட்டுக்காரரோடு. அன்றைக்கு அப்பம் என் தொண்டையில் இறங்கவில்லை. பொறாமை இல்லை. அப்பம் காய்ந்து போயிருந்தது.

அந்த வாரம்தான் ஒரு சீட்டு எழுதினேன்.

எங்கள் கோயிலில் வாசலண்டை ஒரு பெட்டி உண்டு. ஜெப விண்ணப்பம் எழுதிப் போடலாம், பேர் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை "ஆமென்" சொல்லும். நான் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒருத்தரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பாரத்தோடு எழுதினேன். "தன் மனைவியின் கையில் அகப்பட்டுக் கஷ்டப்படும் நோயாளிச் சகோதரன் ஒருவருக்காக. மனைவியின் மனம் மாறவும், அந்தச் சகோதரனுக்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்கவும்."

ஐயர் அதை வாசித்தார். ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. நான் பியூலாவைத்தான் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றாள். அப்போதுதான் கவனித்தேன், முன்வரிசைப் பெண்கள் இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐயரம்மாவும் பார்த்தார்கள். என் எழுத்து என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்று எனக்குப் பகீர் என்றது. எழுத்தை எங்கே பார்த்தார்கள், ஐயர்தானே வாசித்தார்? எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர்கள் நாற்காலியில் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். கன்னமெல்லாம் ஈரம். நான் பதறிப்போய், "என்ன செய்யுது? நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டேன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஜன்னல் பக்கம், கோயில் இருக்கிற திசையில், கண்ணைக் காட்டினார்கள். "ஞா... னம். யாரு... எழுதுனா?"

"எத?"

"எனக்கு... விடு... தலை."

அவ்வளவுதான். ஐந்து வார்த்தை. மூன்று மாதத்தில் அவர்கள் சேர்த்துப் பேசினதில் அதுதான் நீளம்.

பாருங்கள், மூளையில் அடைப்பு வந்தவர்களுக்கு ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிற கோளாறு வருமாம். அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "அது வேற யாருக்கோ எழுதுனது. நீங்க தண்ணி குடிங்க" என்று டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. கரண்டி உதட்டில் படுகிறது, வாயைத் திறக்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு, அந்த வலது கையை மடியிலிருந்து எடுத்தார்கள். காற்றில் எதையோ தேடுகிற மாதிரி அது வந்தது. டம்ளரைத் தொட்டது. பிடித்தது. தூக்கினார்கள். பாதிக்கு மேல் சட்டையில் கொட்டிவிட்டது. ஒரு வாய்தான் உள்ளே போயிருக்கும். அந்த ஒரு வாயை விழுங்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை அவர்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். துண்டை எடுத்துச் சட்டையைத் துடைத்தேன். பிறகு அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று ஆண்டவரிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு பியூலா வீட்டு வாசலில் நின்றேன். இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் இருபது அடிகூட இல்லை. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினேன், நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மாவு பிசைந்த கையோடு வந்தாள்.

"பியூலா, செவ்வாய்க்கிழமை ஆட்டோல எங்களுக்கும் இடம் இருக்குமா?"

ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். இப்பவாவது புத்தி வந்ததே என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள், "இருக்கும்க்கா. ஆனா ஏறுறப்ப பெரியத்தானத் தூக்காதீங்க. அவியளே ஏறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் மாவு பிசையப் போய்விட்டாள். அதிலேயும் அவள்தான் நல்லவளாகிவிட்டாள், பாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணனும் தம்பியும் ஆட்டோவில் ஏறினதைப் பார்க்க வேண்டும். ஆசீர் ஏறிவிட்டு, "அண்ணே, வலது காலை முதல்ல வைக்காத. நல்ல கால் முதல்ல ஏறணும்" என்று சொல்லிக்கொடுக்கிறார். அவர்கள் ஏற ஏழு நிமிஷம். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். "ஏன்யா அடிக்கே? உன் வண்டி என்ன கப்பலா, போயிருமா?" என்று பியூலா அவரையும் ஒரு பிடி பிடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர்கள் ஏறி உட்கார்ந்ததும் பியூலா முகத்தைத் துடைத்தாள். அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். நாலு நகமும் பதிந்து, பிறைப் பிறையாகத் தடம். சிலது புதுசு, சிலது பழசு, ஆறிக் கறுத்தது.

"இது என்னட்டி?" என்றேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள். "ஓடிப்போய்ப் பிடிச்சிரக் கூடாதுல்லாக்கா. அதுக்குத்தான்."

அப்படி என்றால் அந்த வாய், அந்தக் கத்தல் எல்லாம்... சரி, விடுங்கள். எனக்கு அப்போது தோன்றினதை உங்களிடம் மறைக்க மாட்டேன், நீங்கள் ஊர்க்காரர் இல்லை. ஐயோ, எனக்கு இப்படி ஒரு தடம் இல்லையே என்று தோன்றியது. ஊட்டி ஊட்டிக் காய்த்த என் கைதான் பெரியது என்று நினைத்திருந்தேன். அதிலும் அவள் ஒரு படி மேலே நின்றாள்.

அதிலிருந்து நான்கு மாதம் ஆகப்போகிறது. வாரம் இரண்டு நாள், ஒன்றும் விட்டதில்லை. வீட்டில் புளியங்கொட்டைக் கிண்ணத்தை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். அங்கே நின்று எண்ணுவேன், உள்ளே கிண்ணத்தில் விழுகிற சத்தத்தை. முதல் வாரம் ஒன்று விழுவதற்குள் வேதத்தில் ஒரு சங்கீதம் முழுதும் சொல்லி முடிக்கலாம். அப்போது ஒரு நாளைக்கு ஏழு. இப்போது முப்பத்திரண்டு வரைக்கும் வந்திருக்கிறார்கள். உருண்டு கீழே போனதையும் அவர்களே கம்பால் நகர்த்தி எடுக்கிறார்கள். ஒரு நாள் ஒன்று காணாமல் போய்விட்டது என்று அவர்கள் தேடின தேட்டம்! நான் உள்ளே வந்து நின்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது என் காலடியில்தான் கிடந்தது.

மும்தாஜ் மேடம் எனக்கும் ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்த்தது. கூடுதலாக இருந்தது. "மாத்திரை எழுதி வாங்கிக்கோங்க. தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க. அந்த வீட்டுல மூணாவது ஆளா இங்க வந்துராதீங்கம்மா" என்றது. நானும் பியூலாவும் காலையில் கோயில் வளாகத்தைச் சுற்றி நடக்கிறோம். அவள் நாலு சுற்று. நான் ஐந்து. போட்டிக்கு இல்லை. எனக்கு ஐந்து சுற்றினால்தான் வேர்க்கிறது.

வருகிற மாதம் எங்கள் கோயிலில் அசனப் பண்டிகை, சபையே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைக்குத் திருவிருந்து உண்டு. அவர்கள் பீடம் வரைக்கும் தாங்களாக நடந்து போய் என் பக்கத்தில் முழங்கால் போட வேண்டும், அது ஒன்றுதான் என் ஜெபம். ஆசீர் கம்போடுதான் போனார், உங்களுக்கு நினைவிருக்கும். இவர்கள் கம்பில்லாமல் போனால்... இல்லை, அப்படியெல்லாம் நான் கேட்கவில்லை. கம்போடே போகட்டும்.

ஆனால் அதற்கு இந்தக் கதவைத் தாண்ட வேண்டும். பாருங்கள், அந்தக் கதவு, அதில் ஒரு வாசல்படி, பிறகு இந்தப் பெஞ்சு. பதினொரு அடி. போன வெள்ளிக்கிழமை அவர்களைத் தனியாக நடக்க விட்டார்கள். படியைத் தாண்டிவிட்டார்கள். நாலாவது அடியில் லேசாக ஆடினார்கள். மும்தாஜ் மேடம் பின்னாலேயே கை நீட்டி நின்றது, விழ விட்டிருக்காது. எனக்கும் தெரியும். ஆனால் நான் எப்போது எழுந்தேன், எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை, அவர்கள் என் கையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் காலும் துவண்டுவிட்டது. அன்றைக்கு அவர்கள் என்னைப் பார்த்த பார்வை, அந்தக் கரண்டியை வாங்காத அன்றைக்குப் பார்த்தார்களே, அதே பார்வை. வீடு போய்ச் சேரும் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பேசத் தெரிந்த பிறகு பேசாமல் இருந்தார்கள்.

"அம்மா, இன்னிக்கு நீங்க எந்திரிச்சீங்கன்னா, அடுத்த தடவை உங்கள வாசலுக்கு வெளியிலயே நிறுத்திருவேன்" என்று சொல்லியிருக்கிறது அந்தப் பெண்.

பியூலா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்றாள். ஆசீருக்கு இப்போது வாரம் ஒரு தடவை போதும், இன்றைக்கு அவள் வர வேண்டிய நாளே இல்லை. ஆனாலும் எனக்காக வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். எல்லாவற்றையும் அவளிடமே வாங்கிக்கொண்டால் எனக்கென்று என்ன இருக்கிறது? நானும் கையை மூடி நகத்தை அழுத்திப் பார்த்தேன். எனக்கு நகம் நிற்பதில்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துவிட்டது.

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். எழுந்துவிட்டார்கள். இனி கம்பு எடுப்பார்கள்.

உங்களைப் பார்த்தால் நல்ல பெண்ணாகத் தெரிகிறது. நீங்கள் யார், எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு உதவி செய்வீர்களா? என் சேலை முந்தானை இது. இதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிற வரைக்கும் விட்டுவிடாதீர்கள்.